அத்தையின் நாலு நாற்காலி

பிப்ரவரி 3

அண்ணிக்கு,

நேற்று அண்ணன் போன் செய்தபோது பின்னால் டொக் டொக் என்று சத்தம் கேட்டது. என்ன என்று கேட்டேன். "உங்க அண்ணி நாற்காலியப் பிரிக்கிறா" என்றான். எந்த நாற்காலி என்று கேட்டதும் மழையைப் பற்றிப் பேச ஆரம்பித்துவிட்டான். அதிலேயே எனக்குப் புரிந்துவிட்டது.

அம்மா போய் மூன்று மாதம்கூட ஆகவில்லை.

நாலு நாற்காலியும் உங்களுக்கு என்று அம்மா கைப்பட எழுதி வைத்திருக்கிறாள். அதில் எனக்கு மறுபேச்சு இல்லை. மகளுக்கு இல்லை, மருமகளுக்கு என்றால் அது அவள் இஷ்டம். ஆனால் அதில் ஒன்றில் உட்கார்ந்துதான் நான் நர்சிங் பரீட்சைக்குப் படித்தேன். பின்கால் இரண்டும் ஆடுமே, அது. பிரிப்பதற்கு முன் ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம்.

கேட்பதும் சொல்வதும் உங்களுக்கு வழக்கமில்லை. அம்மாவின் கடைசி வாரத்தில் நீங்கள் என்னைக் கூப்பிடவில்லை. எல்லாம் முடிந்த பிறகு அண்ணன்தான் கூப்பிட்டான். ஏன் என்று பிறகு போனில் கேட்டேன், நீங்கள் போனை வைத்துவிட்டீர்கள். சரி, நானும் கொஞ்சம் கத்தினேன். அதனால்தான் இப்போது எழுதிக் கேட்கிறேன். ஏன் கூப்பிடவில்லை?

ஆடுகிற நாற்காலியைத் தொடாதீர்கள்.

சின்னவள்


பிப்ரவரி 12

அன்புள்ள சின்னவளுக்கு,

உன் மூன்றாம் தேதிக் கடிதம் கிடைத்தது. 'தங்கள் கடிதம் கிடைக்கப்பெற்று உரிய கவனத்தில் கொள்ளப்பட்டது' என்று எழுதப் போன கையைப் பிடித்து நிறுத்தினேன். பதினெட்டு வருடமாகக் குடிநீர் அலுவலகத்தில் புகார்க் கடிதங்களுக்குப் பதில் எழுதுகிறவள் நான். தண்ணீர் வரவில்லை என்கிறவருக்குப் பரிசீலனையில் உள்ளது என்று எழுதுவதுதான் பிழைப்பு. ஆனாலும் நீ கடிதமாக எழுதியது நல்லதுதான். போனில் நீ முந்திக்கொள்கிறாய். இதில் உன்னால் குறுக்கே பேச முடியாது.

ஆடுகிற நாற்காலியைத் தொடாதே என்கிறாய். தொட்டாயிற்று. நாலையுமே ஒரே மூச்சில் பிரித்துவிட்டேன். அதுதான் நான் செய்த முதல் முட்டாள்தனம். ஒன்றை மட்டும் பிரித்து, மற்ற மூன்றைப் பார்த்துப் பார்த்துச் செய்திருக்க வேண்டும். இப்போது கூடத்தில் நாலு எலும்புக்கூடு நிற்கிறது. எது எதன் துணி, எந்த அடுக்கு மேலே இருந்தது, எது கீழே இருந்தது, ஒன்றும் ஞாபகமில்லை. உன் அண்ணன் நின்றுகொண்டே சாப்பிடுகிறார். உன் கடிதத்தைக் காட்டினேன். "மத்தளத்துக்கு ரெண்டு பக்கமும் இடி. நான் எந்தக் கட்சியும் இல்ல. எனக்கு உக்கார ஒரு எடம் வேணும், அவ்ளோதான்" என்றார்.

அவற்றை அப்படியே வைத்திருக்கவும் முடியவில்லை. துணி கிழிந்து நார் துருத்திக்கொண்டு, உட்கார்ந்தால் தொடையில் குத்தியது. சோபா ரிப்பேர் கடைக்காரரைக் கூட்டிவந்து காட்டினேன். "இதோட எதுக்கும்மா அல்லாடுறீங்க? பலகை அடிச்சு மேல ஸ்பாஞ்ச் ஒட்டிடறேன். ஒரே நாள் வேலை" என்றார். பலகையில் உட்காருவதற்கு நாற்காலி எதற்கு? உள்ளே என்னதான் இருக்கிறது என்று கேட்டேன். நல்ல மனிதர், ஒன்றைக் கவிழ்த்துப் போட்டுச் சொல்லிக்கொடுத்தார். அடியில் பட்டை நாடா, குறுக்கும் நெடுக்குமாகப் பின்னியது. அதன்மேல் கோணித்துணி, அதன்மேல் நார், அதன்மேல் பஞ்சு, கடைசியில் துணி. "அவ்வளவுதானா?" என்றேன். ஆழம் தெரியாமல் காலை விட்ட அந்த 'அவ்வளவுதானா'வுக்கு இப்போது அனுபவிக்கிறேன். கட்டைவிரல் நகம் கறுத்துவிட்டது. ஒரு இருக்கையில் மட்டும் இருநூற்றுப் பதினோரு ஆணி பிடுங்கினேன். உட்கார்ந்து எண்ணியதும் நான்தான். வேறு யாருக்கு அந்தப் புத்தி வரும்?

அத்தை அந்தத் தாளை எழுதிய அன்று, "சின்னவளுக்குக் குடுங்க அத்தை, அவ ஆசப்படுவா" என்று நானும் சொன்னேன். "அவ எங்க போனாலும் ஒரு நாற்காலிய இழுத்துப் போட்டு உக்காந்துக்குவா. நீ இந்த வீட்டுக்கு வந்ததுலேருந்து உக்காந்து நான் பாத்ததே இல்ல" என்றார். அது பாராட்டா திட்டா என்று எனக்கு இன்னும் தெரியவில்லை.

நீ கேட்ட இன்னொரு கேள்விக்கு இந்தக் கடிதத்தில் பதில் இல்லை. பரிசீலனையில் உள்ளது.

அண்ணி

பி.கு. முதுகின் பின்பக்கத் துணியைக் கையால்தான் தைக்க வேண்டுமாம், அங்கே ஆணி அடிக்க இடமில்லை. ஒரு கிழிசல் துண்டை வைத்துத் தைத்துப் பார்த்தேன். ஊசி உள்ளே போகிறது, வெளியே வரமாட்டேன் என்கிறது.


பிப்ரவரி 22

அண்ணிக்கு,

பரிசீலனையா? சரி. என்னைத் தண்ணீர் வராத தெருவில் சேர்த்துக்கொள்ளுங்கள். குடத்தை வைத்துக்கொண்டு காத்திருக்கிறேன்.

நேர் ஊசியால் அது முடியாது. ஒரு பக்கம் மட்டும்தான் கை போகும் என்றால், உள்ளே போன ஊசி அதே பக்கம் திரும்பி வரவேண்டும். அதற்கு ஊசிதான் வளைய வேண்டும். ஆபரேஷன் தியேட்டரில் அப்படிப்பட்ட ஊசியைத் தினமும் டாக்டர் கையில் எடுத்துக் கொடுக்கிறேன். இத்துடன் மூன்று வைத்திருக்கிறேன். பயப்பட வேண்டாம், ஆஸ்பத்திரிச் சொத்து இல்லை. தோல் பை தைக்கிறவர்கள் வாங்கும் கடையில் வாங்கினேன்.

ஊசியைத் தள்ளாதீர்கள். பூட்டில் சாவியைத் திருப்புவது போல மணிக்கட்டைத் திருப்புங்கள், அது தன் வளைவிலேயே வந்துவிடும். நூலை ரொம்ப இறுக்காதீர்கள். இரண்டு ஓரமும் ஒன்றையொன்று தொட்டால் போதும், நெரியக் கூடாது. முதலில் வாழைப்பழத்தில் பழகுங்கள். தோலைக் கீறிவிட்டு, கிழியாமல் தைத்து மூட வேண்டும். பயிற்சிக்கு வருகிறவர்களை அப்படித்தான் பழக்குகிறார்கள்.

பின்கால் ஆடுகிற நாற்காலிக்குப் பழைய பசையைச் சுரண்டாமல் புதுப் பசை போடாதீர்கள். அப்பா இரண்டு தரம் அப்படிச் செய்து இரண்டு தரமும் பிரிந்தது.

எங்கே போனாலும் நாற்காலி இழுத்துப் போட்டு உட்கார்ந்துகொள்வேன் என்றா அம்மா சொன்னாள்? பத்து மணி நேரம் நின்றுகொண்டே வேலை செய்கிறவள் நான். அவளுக்கு அது தெரியாது. நானும் சொன்னதில்லை.

துணி என்ன எடுத்திருக்கிறீர்கள்?

சின்னவள்


மார்ச் 8

அன்புள்ள சின்னவளுக்கு,

நீலமும் வெள்ளையுமாகக் கோடு போட்ட துணி. "புதுசா செய்யறவங்க கோடு போட்டது எடுக்கவே கூடாதும்மா. கை கோணினா ஊருக்கே தெரியும்" என்று கடைக்காரர் சொன்னார். எப்போது சொன்னார்? நான் நாலு நாற்காலிக்கும் வெட்டி முடித்த பிறகு.

முதல் நாற்காலியில் கோடு வளைந்து வளைந்து போயிற்று. உன் அண்ணன் பார்த்துவிட்டு, "தண்ணி ஆபீஸ்காரி நாற்காலியில ஆறு ஓடுது" என்றார். ஆற்றோடு போயிருந்தால் பரவாயில்லை. நாடாவை இறுக்காமல் அடித்திருந்தேன். அவர் தட்டும் கையுமாக உட்கார்ந்தார். உட்கார்ந்தார், உட்கார்ந்தார், உட்கார்ந்துகொண்டே இருந்தார். முழங்கால் நெஞ்சுக்கு வந்துவிட்டது. கை கொடுத்துத் தூக்கினேன். மறுபடியும் இருநூற்றுச் சொச்சம் ஆணி பிடுங்கினேன்.

இந்தத் தடவை கடைக்காரர் ஒரு மரக்கட்டை கொடுத்தார். நாடாவை அதில் சுற்றி, சட்டத்தில் முட்டுக்கொடுத்து நெம்பினால் நாடா விறைத்து நிற்கிறது. துணியை ஒரு ஓரத்திலிருந்து அடித்துக்கொண்டே போகக் கூடாது என்பதும் இப்போதுதான் தெரிந்தது. நாலு பக்கமும் நடுவில் ஒவ்வொரு ஆணி, பாதி மட்டும் இறக்கி வைத்துக் கோட்டைப் பார்க்க வேண்டும். சரியாக இருந்தால் நடுவிலிருந்து மூலைக்குப் போக வேண்டும்.

உன் ஊசி ஒரு வரம். சாவி திருப்புவது போல என்று நீ எழுதியது கைக்குப் புரிய மூன்று நாள் ஆயிற்று. பதினொரு வாழைப்பழம். தோல் எனக்கு, பழம் உன் அண்ணனுக்கு. ஏழாவது பழத்தில் கையெடுத்துக் கும்பிட்டார்.

முதல் நாற்காலி முடிந்தது. கோடு கோணல்தான், ஆனால் இறங்கவில்லை. டீ எடுத்துக்கொண்டு அதில் உட்கார்ந்தேன். உன் அண்ணன் உள்ளே வந்தவர் வாசற்படியிலேயே நின்றுவிட்டார். "என்ன ஆச்சு? ஒடம்பு சரியில்லையா?" என்று கேட்டார். நான் உட்கார்ந்திருந்ததைப் பார்த்துத்தான்.

உன் ஆடுகிற நாற்காலியின் பசையைச் சுரண்டி ஒட்டிக் கட்டி வைத்திருக்கிறேன். நாலாவது நாற்காலியில் மட்டும் துணியை உரித்ததோடு சரி, நாரை எடுக்கவில்லை. அதைப் பற்றித் தனியாக எழுத வேண்டும். இன்று வேண்டாம்.

அண்ணி


மார்ச் 15

சின்னவளே,

உன் பதிலுக்குக் காத்திருக்காமல் எழுதுகிறேன். காத்திருந்தால் மறுபடியும் துணியைப் பற்றியே எழுதிவிடுவேன்.

நாலாவது நாற்காலி, அத்தை கடைசி இரண்டு மாதம் உட்கார்ந்திருந்தது. படுத்தால் மூச்சு முட்டியது. அதனால் தூக்கமும் அதில்தான், சாப்பாடும் அதில்தான். போன வாரம் அதன் நாரை எடுக்கப் போனேன். மருந்து சிந்திய கறை துணியோடு நிற்காமல் கோணி வரைக்கும் இறங்கியிருந்தது. நார் இடது பக்கம் மட்டும் அமுங்கிக் குழிந்திருந்தது. அந்தப் பக்கம் சாய்ந்துதான் ஜன்னலைப் பார்ப்பார். அள்ளினால் நார் தூள்தூளாக வந்தது. அப்படியே கீழே வைத்துவிட்டேன்.

அத்தை உன்னைக் கூப்பிடச் சொன்னார். ஒரு தரம் இல்லை, இரண்டு தரம். திங்கட்கிழமை காலையில், "சின்னவள வரச் சொல்லேன்" என்றார். புதன்கிழமை, "சொன்னியா?" என்று கேட்டார். "சொல்றேன் அத்தை" என்றேன். சொல்லவில்லை. வெள்ளிக்கிழமை மதியம் போய்விட்டார்.

மருந்திலேயே இன்னும் சில மாதம் ஓட்டலாம் என்று டாக்டர் சொல்லியிருந்தார், நாள் இருக்கிறது என்று நினைத்தேன். இது உண்மை. முழு உண்மை இல்லை. அதற்கு முந்தின வருடம் நீ இரண்டு நாள் வந்தாய். வந்ததும் மாத்திரை டப்பாவைக் கவிழ்த்தாய், கட்டிலைத் திருப்பிப் போட்டாய். பக்கத்து வீட்டு அம்மாவை வைத்துக்கொண்டு, "இவ்ளோ உப்பு போட்டா கால் வீங்காம என்ன பண்ணும்?" என்று என்னைக் கேட்டாய். நீ சொன்னது எல்லாமே சரிதான். நீ கிளம்பிய மறுநாள் அத்தை கட்டிலைப் பழையபடி போடச் சொன்னார். நானும் உன் அண்ணனும் தூக்கிப் போட்டோம்.

அந்தத் திங்கட்கிழமை எனக்கு அதுதான் ஞாபகம் வந்தது. இவள் வந்தால், நான் இரண்டு வருடமாகச் செய்ததெல்லாம் தப்பு என்று ஆகிவிடும். இந்த வாரம் போகட்டும், அடுத்த வாரம் கூப்பிடலாம் என்று இருந்தேன்.

உன் அண்ணனுக்கு இது தெரியாது. மன்னித்துவிடு என்று எழுதவில்லை. எழுதினால் நீ அதற்கு ஒரு பதில் சொல்ல வேண்டி வரும். அந்தச் சுமையையும் உன் தலையில் ஏற்ற எனக்கு மனமில்லை.

அண்ணி


மார்ச் 24

அண்ணிக்கு,

கடிதம் கிடைத்தது. இரண்டு தரமா?

என்னால் இப்போது எழுத முடியாது. நீங்களும் எழுதாதீர்கள். அண்ணனிடம் நீங்களே சொல்லிவிடுங்கள். அவன் போன் செய்தால் என்னால் மறைத்துப் பேச முடியாது.


ஏப்ரல் 6

சின்னவளே,

எழுதாதே என்றாய். உன் அண்ணனிடம் சொல்லிவிட்டேன் என்பதைத் தெரிவிக்க மட்டும் இது.

கேட்டுக்கொண்டு எழுந்து வெளியே போனார். ரொம்ப நேரம் கழித்து வந்தார். "அம்மா ரெண்டாவது தரம் கேட்டப்ப கோவமா கேட்டாங்களா, சும்மா கேட்டாங்களா?" என்றார். "சும்மாதான்" என்றேன். "சரி" என்றார். இரண்டு நாள் பேசவில்லை. மூன்றாம் நாள் நான் உன் நாற்காலிக்கு நாடா அடித்துக்கொண்டிருந்தேன். பக்கத்தில் வந்து உட்கார்ந்து, சட்டம் நகராமல் பிடித்துக்கொண்டார்.

அண்ணி


மே 10

அண்ணிக்கு,

இதை ஐந்து தரம் எழுதிக் கிழித்துவிட்டேன். இது ஆறாவது.

உங்கள் மேல் எனக்கு இருந்த கோபம் இன்னும் முழுதாகப் போகவில்லை. அதை மறைத்து எழுதினால் இந்தக் கடிதத்துக்கு அர்த்தமில்லை. தியேட்டரில் கத்தரியை எடுத்துக் கொடுக்கும்போதுகூட, "சொன்னியா?" என்று அம்மா கேட்டது வந்து நிற்கிறது.

ஆனால் உங்களுக்குத் தெரியாத ஒன்று இருக்கிறது. அக்டோபர் கடைசியில் அண்ணன் அம்மாவின் இதய எக்கோ ரிப்போர்ட்டைப் படம் எடுத்து எனக்கு அனுப்பினான். 'பாத்து சொல்லு' என்று எழுதியிருந்தான். பார்த்தேன். அதோடு, படுக்க முடியவில்லை, கால் வீக்கம் இறங்கவில்லை என்றும் எழுதியிருந்தான். இது மாதக்கணக்கு இல்லை, வாரக்கணக்கு என்று எனக்குத் தெரிந்துவிட்டது. 'டாக்டர் சொல்ற மாதிரி செய்யுங்க' என்று பதில் போட்டேன். அந்த ஒரு வரிதான்.

லீவு கேட்டிருந்தால் கொடுத்திருப்பார்கள். கேட்கவில்லை. கூப்பிட்டால் போகலாம் என்று இருந்தேன். தினமும் போனை எடுத்து எடுத்துப் பார்த்தேன். யாரும் கூப்பிடாத ஒவ்வொரு நாளும் எனக்குக் கொஞ்சம் நிம்மதியாகவும் இருந்தது. அடுத்தவர் அம்மா என்றால் என் கை நடுங்காது. என் அம்மா மூச்சுக்குத் தவிப்பதைப் பார்க்க எனக்குத் தைரியமில்லை. முந்தின வருடம் வந்த அந்த இரண்டு நாளும் நான் ஏன் கட்டிலையும் டப்பாவையும் போட்டு உருட்டினேன் என்று நினைக்கிறீர்கள்? அவள் முகத்தைப் பார்க்காமல் இருக்க ஏதாவது ஒரு வேலை வேண்டியிருந்தது.

அதன்பிறகு, கூப்பிடவில்லை, கூப்பிடவில்லை என்று இத்தனை மாதமாக உங்களைச் சொல்லிக்கொண்டிருந்தேன். அம்மா கேட்டும் நீங்கள் சொல்லவில்லை. யாரும் சொல்லாமலே எனக்குத் தெரிந்திருந்தது. எது பெரிய தப்பு என்று நிறுத்துப் பார்க்க என்னால் முடியவில்லை.

நாலாவது நாற்காலியைத் தூக்கிப் போட்டுவிட்டீர்களா?

சின்னவள்


மே 18

அன்புள்ள சின்னவளுக்கு,

உன் கடிதத்தைப் படித்துவிட்டு அரை நாள் கோபமாக இருந்தேன். அந்த ஒரு வரியில் 'வாரக்கணக்கு' என்று ஒரு வார்த்தை சேர்த்திருந்தால் திங்கட்கிழமையே கூப்பிட்டிருப்பேனே என்று வீட்டில் யாரும் இல்லாதபோது சத்தமாகவே சொன்னேன். பிறகு, அப்படியும் கூப்பிட்டிருப்பேனா என்று யோசித்தேன். தெரியவில்லை. அதோடு கோபம் போய்விட்டது. எங்கே போயிற்று என்று தேடவும் இல்லை.

மூன்று நாற்காலி முடிந்துவிட்டது. மூன்றாவதில் கோடு நேராகவே வந்திருக்கிறது. கடைக்காரர் பார்த்துவிட்டு, "யார்கிட்ட குடுத்தீங்க?" என்று கேட்டார். அன்றைக்கு முழுக்க என் கால் தரையில் இல்லை.

நாலாவதைத் தூக்கிப் போடவில்லை. மரத்தில் ஒரு கீறல் இல்லை. அந்த நாரை மட்டும் என்னால் தனியாக அள்ள முடியாது. உன் அண்ணனைக் கேட்கவும் மனம் வரவில்லை. நீ வா. கட்டிலை எந்தப் பக்கம் வேண்டுமானாலும் திருப்பிப் போட்டுக்கொள்.

அண்ணி


ஜூன் 20

அன்புள்ள அண்ணிக்கு,

நானும் ஊர் வந்து சேர்ந்தேன், அம்மாவின் நாற்காலியும் வந்து சேர்ந்தது. ரயிலில் டிக்கெட் பார்க்க வந்தவர், "எல்லாரும் சீட்டு கெடைக்கலன்னு அழறாங்க. நீங்க சீட்டையே கையில கொண்டு வந்துட்டீங்களே" என்றார்.

இடது மூலை நீங்கள் மடித்தது, வலது மூலை நான் மடித்தது. பார்க்கிறவர்கள் யாரும் வித்தியாசம் கண்டுபிடிக்கவில்லை. எனக்குத் தெரிகிறது. என்னுடையதுதான் சரி என்று இன்னும் சொல்கிறேன். அங்கே இருந்த ஐந்து நாளும் இதற்குத்தான் சண்டை போட்டோம் என்றால் யாராவது நம்புவார்களா?

நாரைச் சாக்கில் அள்ளியபோது நான் அழுததை அண்ணனிடம் சொல்லாதீர்கள். அவன் அந்தச் சாக்கைக் கொண்டுபோய்ப் போட்டுவிட்டு வந்து அழுததை உங்களிடம் சொல்ல வேண்டாம் என்று என்னிடம் சொல்லியிருக்கிறான்.

இன்னொன்று எழுத வேண்டும். போன செவ்வாய்க்கிழமை ஆபரேஷனுக்காக ஒரு பெரியவரைக் கொண்டுவந்து தியேட்டர் வாசலில் படுக்க வைத்திருந்தார்கள். பையனுக்கு வேறு ஊரில் வேலையாம். "சொல்லிட்டீங்களா?" என்று கேட்டேன். "அவனுக்கு எதுக்கும்மா தொந்தரவு? அவனுக்கு ஆயிரம் வேலை" என்றார். இதெல்லாம் என் வேலை இல்லை. சொந்தக்காரர்களிடம் பேசுவதற்கு வேறு ஆட்கள் இருக்கிறார்கள். "நான் பேசட்டுமா?" என்று கேட்டேன். முகத்தைத் திருப்பிக்கொண்டார். அப்படியே சுவரைப் பார்த்துக்கொண்டே நம்பரைச் சொன்னார். ஒரு எண்கூடத் தடுமாறவில்லை. நான் வெளியே போய்ப் பேசினேன். "ரொம்ப சீரியஸா சிஸ்டர்? நான் வரணுமா?" என்றார் அந்தப் பையன். "சீரியஸ் இல்ல. ஆனா வாங்க" என்றேன்.

மறுநாள் மதியம் அவர் பையும் கையுமாக வார்டுக்குள் வந்தார். அங்கே ஆள் குறைவு என்று அன்றைக்கு என்னைக் கட்டு மாற்ற அனுப்பியிருந்தார்கள். பெரியவர் பையனைப் பார்த்ததும் பிடிபிடியென்று பிடித்துக்கொண்டார். "யார்றா ஒன்ன வரச் சொன்னது? இருக்கற வேலயப் போட்டுட்டு ஓடி வந்திருக்கான் பாரு, அறிவு இருக்கா ஒனக்கு?" என்று வார்டே திரும்பிப் பார்க்கிற மாதிரி திட்டினார். திட்டிக்கொண்டே இருந்தார். நான் கட்டை முழுக்கப் பிரித்து, துடைத்து, புதுக் கட்டுப் போட்டு முடிக்கிற வரைக்கும் திட்டினார். அவ்வளவு நேரமும் பையனின் கையை விடவே இல்லை.

சின்னவள்